இரண்டு கயிற்றுப் படகு: வாசகர் கேள்வி, என் பதில்

சென்ற இதழில் என்னுடைய சின்னப் பாய்ப்படகைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 14 அடிகூட இல்லாத, முப்பது வருடத்துக்கு மேல் பழசான ‘சன்ஃபிஷ்’ ஒன்று. அதைக் கனடாவில் டொரொன்டோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் உள்ள பிரெஞ்ச்மன்ஸ் பே விரிகுடாவிலும், காற்று ஒத்துவந்தால் வெளியே ஒன்ராறியோ ஏரியிலும் தனியாக ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கடிதங்கள் ‘64 வயதில் இது தேவையா?’ என்ற ரகம். வீட்டிலும் அதே கேள்விதான் என்பதால் எனக்கு அது பழகிவிட்டது. மற்றவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: ஐயா, இன்னும் கொஞ்சம் காசு போட்டால் குடும்பத்தோடு போகிற மாதிரி கபின் வைத்த பெரிய படகே வாங்கலாமே? ஒரு ஆள் மட்டும் குந்துகிற படகில் என்ன சுகம்? – ஒரு வாசகர், மார்க்கம்

பெரிய படகும் இருந்தது, தம்பி. வேலையில் இருந்த காலத்தில் நானும் ஒரு நண்பரும் பாதிப் பாதி போட்டு 26 அடியில் ஒன்று வாங்கினோம். கபின், படுக்கை, அடுப்பு, பின்னால் ஒரு எஞ்சின், எல்லாம் இருந்தது. மரீனாவில் கட்டி வைக்க வாடகை. குளிர் வரமுன் கிரேன் வைத்துத் தூக்க ஒரு காசு, வசந்தத்தில் இறக்க இன்னொரு காசு. அடிப்பாகத்துக்கு வருடா வருடம் பெயின்ற். இவ்வளவும் கட்டிவிட்டு ஒரு நாள் போகலாம் என்றால் அவருக்கும் எனக்கும் ஒரே நாளில் ஓய்வு வரவேண்டும், பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கக்கூடாது, சொந்தத்துக்குள் ஒருவருக்கும் சாமத்தியச் சடங்கு இருக்கக்கூடாது. கடைசிக் கோடையில் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒன்பது தரம். அதிலும் இரண்டு தரம் எஞ்சின் கிளம்பாமல் கரையிலேயே இருந்து கொண்டுபோன ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இந்தச் சின்னப் படகில் போன கோடை மட்டும் 41 தரம் போயிருக்கிறேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. படகு வீட்டு வாசலில் ஒரு குட்டி டிரெய்லரில் நிற்கிறது. பின்னேரம் முற்றத்து மரத்தில் இலை அசைந்தால் கொண்டுபோய் மணல்கரையில் இறக்குவேன். படகின் பாய்மரத்தை அதன் துளைக்குள் நிறுத்துவது ஒரு வேலை. பாய் இரண்டு அலுமினியக் கம்புகளில் எப்போதும் கட்டியபடியே, படுக்கிற பாயைச் சுருட்டின மாதிரிக் கிடக்கும். ஆஞ்சானை இழுத்து அதை ஏற்றி, நுனியைத் தளத்தில் உள்ள கொக்கியில் இறுக்கிக் கட்டவேண்டும். சுக்கானைப் பின்னால் மாட்டி, தாமானைக் கப்பியில் கோத்தால் சரி. கால் மணி நேரத்தில் நான் தண்ணீரில் இருப்பேன்.

ஆஞ்சான், தாமான் என்றதும் இளம் ஆட்கள் முழிப்பீர்கள். பாயை மேலே ஏற்றுகிற கயிறு ஆஞ்சான். ஏறின பாயைக் கையால் இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கிற கயிறு தாமான். என் அம்மப்பா இலங்கையின் வடகரையில் உள்ள எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் தண்டையலாக, அதாவது பாய்க்கப்பல் தலைவராக, இருந்தவர். அவர் வாயில் கேட்ட சொற்கள் இவை. பெரிய பாய்க்கப்பலில் கயிறுகளின் பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு பொழுது போகும். என் படகில் மொத்தம் இந்த இரண்டுதான். ஆஞ்சானைக் கட்டிவிட்டால் திரும்பக் கரைக்கு வரும்வரை அதற்கு வேலை இல்லை. ஆகவே தண்ணீரில் இறங்கின பிறகு ஒரு கையில் தாமான், மறு கையில் சுக்கான் பிடி. மூன்றாவது கை தேவைப்படாத படகு என்பதால்தான் மற்ற ஆளும் தேவைப்படுவதில்லை.

இந்தப் படகை உருவாக்கினவர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரி நகரத்து நண்பர்கள் இருவர்: அலெக்ஸ் பிரையன், கோர்ட் ஹெய்னிகர். இரண்டு பேருடைய பெயரையும் ஒட்டி நிறுவனத்துக்கு ‘அல்கோர்ட்’ என்று வைத்தார்கள். முதலில் செய்தது ‘செயில்ஃபிஷ்’. அது வெறும் தட்டைப் பலகை மாதிரி, மேலே காலை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும். பிரையனின் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அப்படி இருக்கக் கஷ்டப்பட்டதால்தான் கால் வைக்க நடுவில் ஒரு பள்ளம் வெட்டினார்கள் என்று சொல்வார்கள். 1950-களின் தொடக்கத்தில் அப்படி வந்தது சன்ஃபிஷ். அன்றைக்கிருந்த அதே முக்கோணப் பாயோடு இன்றைக்கும் செய்கிறார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் செய்தாயிற்று. ஒரு கர்ப்பிணியின் நாரி நோவை மனதில் வைத்து வெட்டிய பள்ளத்தில் இன்றைக்கு என் முழங்கால் நோவும் ஆறுகிறது.

சுகம் என்னவென்று கேட்டீர்கள். காற்று மெல்லியதாக இருக்கிற நாளில் நான் குந்துவதே இல்லை. காலைப் பள்ளத்துக்குள் விட்டுவிட்டுத் தளத்தில் சரிந்து படுப்பேன். காதுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம் இருக்காது. அணியத்துக்கு, அதாவது படகின் முன்பக்கத்துக்கு, கீழே சின்ன அலைகள் தட்டுகிற சத்தம் படகின் உடலுக்குள்ளால் வந்து முதுகில் கேட்கும். 26 அடிப் படகில் ஐந்து வருடம் போயும் அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கே: என் கணவருக்கு 59 வயது. உங்கள் கட்டுரையை வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். நீச்சல் அரைகுறை. தனியாக ஏரிக்கு விடலாமா? – ஒரு வாசகி, ஸ்காபரோ

தங்கச்சி, முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் சுகத்தை எழுதின அளவுக்குப் பயத்தை எழுதவில்லை.

நீச்சலைப் பற்றிச் சொன்னால், உலகத்தைப் பாய்ப்படகில் தனியாகச் சுற்றிவந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். 1895-இல் புறப்பட்டு 1898-இல் திரும்பினார். அவருக்கு நீச்சல் தெரியாது. இதை வாசித்துவிட்டு உங்கள் கணவர் துள்ள வேண்டாம்; பிற்காலத்தில் அதே படகில் தனியே போன ஸ்லோகம் திரும்பி வரவேயில்லை. மறுபக்கம், எங்கள் ஊர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பியவர். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது உயிர் போனது. நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்று தண்ணீர் பார்ப்பதில்லை. ஆகவே உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கவேண்டும். படகில் அல்ல, உடம்பில். நான் வீட்டு வாசலிலேயே போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார்.

இங்கே நீச்சலைவிடப் பெரிய விஷயம் குளிர். மே மாதத்தில் வெயில் நல்லாக எறிக்கும், ஆட்கள் அரைக்காற்சட்டையோடு திரிவார்கள். ஆனால் ஏரித் தண்ணீர் 5, 6 பாகையில் இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ‘1-10-1’ என்று ஒரு கணக்குச் சொல்கிறார். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அதை அடக்கவேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கையும் விரலும் சொன்னதைக் கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல் மடங்காவிட்டால் நீச்சல் வீரர் என்றாலும் மிதக்க அங்கிதான் வேண்டும். ஆகவே ஆடி மாதத்துக்கு முன் இறங்க விடாதீர்கள்.

கோடையிலும் ஒரு சூது இருக்கிறது. மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ இரண்டு நாள் காற்று அடித்தால் மேலே கிடந்த சூட்டுத் தண்ணீரை அது நடு ஏரிக்குத் தள்ளிவிடும். அடியில் கிடக்கிற குளிர்தண்ணீர் கரைப்பக்கமாக மேலே வரும். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை 21 பாகை. வெள்ளிக்கிழமை விரிகுடா வாயைத் தாண்டினதும் வழமைபோலக் கையைத் தண்ணீரில் வைத்தேன். ஐஸ் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. அப்படியே படகைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மூன்றாவது, காற்றின் திசை. இதில் நானே ஏமாந்தேன். வல்வெட்டித்துறைக்கு வடக்கே கடல். வடக்கிலிருந்து வாடைக்காற்று அடித்தால் அது ஆளைக் கரைக்குக் கொண்டுவரும். தெற்குப் பக்கமிருந்து வருகிற சோளகம்தான் வெளியே தள்ளும். இங்கே ஏரி தெற்கே இருக்கிறது. எல்லாம் தலைகீழ். வாடை அடிக்கும் நாளில் கரை ஓரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், ‘ஆகா, நல்ல நாள்’ என்று ஆள் இறங்குவார். கரையை விட்டு அரை மைல் போனால்தான் காற்றின் பலம் தெரியும். அப்போது திரும்பினால் எதிர்க்காற்று. என் உடம்புக்குள் இன்னும் ஊர்க் கணக்குத்தான் இருக்கிறது. முதல் வருடம் வாடை முகத்தில் பட்டதும் ‘வீட்டுக்குப் போகிற காற்று’ என்று மனம் நம்பிவிட்டது. கரைக்கு வர மூன்று மணி நேரம் எடுத்தது, தாமான் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரே விதி: போகும்போது காற்றை எதிர்த்துப் போவேன், திரும்பும்போது அது என்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும். வாடை நாளில் விரிகுடாவை விட்டு வெளியே போவதில்லை.

விடலாமா என்றால், விடுங்கள். ஆனால் முதல் கோடை முழுக்க விரிகுடாவுக்குள்தான். ஒரு பாய்ப்படகுச் சங்கத்தில் சேர்ந்து நாலு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். காற்று 10 நொட்டுக்கு (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) மேல் என்று முன்னறிவிப்புச் சொன்னால் அன்றைக்கு வேண்டாம். ஏரியில் ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டினாலே அந்த அளவு வந்துவிட்டது என்று கண்ணால் கண்டுபிடிக்கலாம். தொலைபேசியை நீர் புகாத உறையில் போட்டு உடம்பில் கட்டவேண்டும். படகில் வைத்தால் கவிழும்போது படகோடு போய்விடும். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். என் மனைவி ஏழு மணி என்றால் ஏழு ஐந்துக்கு அழைப்பு எடுப்பார். ‘என்னப்பா, இன்னும் மிதக்கிறீங்களோ?’ என்பதுதான் முதல் வசனம்.

கே: பழைய படகு வாங்குவதில் என்ன பார்க்கவேண்டும்? எவ்வளவு செலவாகும்? – ஒரு வாசகர், பிராம்டன்

நான் கொடுத்தது 1,100 டொலர். விற்றவர் ‘ஒரு சின்னக் கீறல்கூட இல்லை’ என்றார். அது உண்மைதான். வெளியே இல்லை.

கொண்டுவந்து இறக்கும்போது நானும் மகனும் தூக்கமுடியாமல் திணறினோம். சன்ஃபிஷ் உடல் 130 றாத்தல் அளவில் இருக்கவேண்டும். குளியலறைத் தராசை அணியத்துக்குக் கீழ் வைத்து ஒரு நிறை, பின்பக்கத்துக்குக் கீழ் வைத்து ஒரு நிறை, இரண்டையும் கூட்டினேன். 186. மேலதிகமாக 56 றாத்தல் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இந்தப் படகுகளின் உள்ளே மிதப்புக்காக வெள்ளை நுரைக்கட்டிகளை வைத்திருப்பார்கள். வருடக்கணக்காக எங்காவது ஒரு நுண்ணிய வெடிப்பால் நீர் கசிந்தால் அந்த நுரை பஞ்சு மாதிரி ஊறிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. படகு மிதக்கும்தான், ஆனால் காலில் கல்லைக் கட்டின மாடு மாதிரி ஓடும்.

தளத்தில் கை நுழைகிற அளவுக்கு இரண்டு வட்டத் துளை வெட்டி, திருகு மூடி போட்டேன். பிறகு கராஜில் படகை வைத்து, ஒரு துளையில் பழைய கொம்பியூட்டர் விசிறியைப் பொருத்திக் காற்றை ஓட விட்டேன். ஐப்பசியில் தொடங்கினது. பங்குனி வரை இரவும் பகலும் ‘ம்ம்ம்’ என்று ஓடியது. ‘அந்தப் படகுக்குக் காய்ச்சலோ?’ என்று மனைவி கேட்டார். சித்திரையில் நிறுத்துப் பார்த்தேன்: 139. அதற்கு மேல் இறங்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ஆகவே படகு பார்க்கப் போகும்போது தராசைக் கையோடு கொண்டுபோங்கள். விற்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. பாய் பழசென்றால் வேறு வாங்கலாம், கயிறும் அப்படியே. மரம் நிற்கிற குழாயின் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் அதற்குள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றின மட்டம் இறங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கே: சன்ஃபிஷ் கிழவர்களின் படகு, லேசர்தான் படகு என்கிறான் என் மகன். – ஒரு வாசகர், மொன்றியல்

மகன் சொல்வது சரி. லேசரும் ஒரு ஆள் ஓட்டுகிற பாய்ப்படகுதான், உங்கள் ஊர்ப் பிள்ளை வேறு. ஒட்டாவாவில் பிறந்த புரூஸ் கர்பி தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கின படம், மொன்றியல் பக்கத்துப் புவான்ட்-கிளேரில் இயன் புரூஸ் கையில் படகானது. 1971-இல் சந்தைக்கு வந்து, 1996-இலிருந்து ஒலிம்பிக்கில் ஓடுகிறது. அருமையான படகு. நானும் ஒருநாள் இரவல் வாங்கி ஓட்டினேன். திரும்பும்போது குனிய மறந்ததற்குக் கம்பு என் மண்டையில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தது. அதன் ஓரத்தில் தொங்கிக்கொண்டு வயிற்றுத் தசையால் படகை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். எனக்கு வயிறு இருக்கிறது, தசைதான் இல்லை. மகனுக்கு லேசர் வாங்கிக் கொடுங்கள்.

கே: நான் கிரேட் 11 படிக்கிறேன். கவிண்டால் என்ன செய்வீங்க அங்கிள்? – ஒரு மாணவர், ஏஜாக்ஸ்

முதலில் தூஷணம் சொல்வேன். உமக்கு அது வேண்டாம்.

பிறகு நடப்பது இதுதான். பலமான காற்று ஒன்று வந்து படகு சரியும்போது தாமானைக் கையை விட்டால் பாய் காற்றை உதறிவிடும், படகு நிமிரும். பத்தில் எட்டுத் தரம் அங்கேயே கதை முடிந்துவிடும். ஆனால் பயத்தில் கை பொத்தும், கயிறு இறுகும், மனிதக் கை அப்படித்தான். படகு பக்கவாட்டில் படுத்துவிடும், பாய் தண்ணீரில் விரிந்து கிடக்கும். அப்போது எதை விட்டாலும் படகை விடக்கூடாது. அது தாழாது, அதுதான் உமது தீவு. பிடித்துக்கொண்டே சுற்றி அடிப்பக்கம் வாரும். நடுவில் செருகின பலகை தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியைப் பிடித்து முழு உடம்பையும் தொங்கவிடும். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பாயில் ஏறின தண்ணீர் வடிய நேரம் எடுக்கும். அவசரப்படாமல் தொங்கினால் மெதுவாக, மாடு எழும்புகிற மாதிரி, எழும்பும். எழும்பினதும் பக்கத்தால் வயிற்றைத் தூக்கி உள்ளே விழும். காலடிப் பள்ளத்தில் நிற்கிற தண்ணீரை இறைக்கத் தேவையில்லை. அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, திறந்துவிட்டுப் படகை ஓட்டினால் ஓட்டமே அதை உறிஞ்சி வெளியே விடும்.

இரண்டு விஷயம் கவனியும். அந்தப் பலகையை ஒரு கயிற்றால் படகோடு கட்டியிருக்கவேண்டும். முழுதாகக் குப்புறக் கவிண்டால் அது கழன்று மிதந்து போய்விடும், பிறகு தொங்க ஒன்றும் இல்லை. ஆஞ்சானும் தளத்தில் இறுக்கமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மரமும் துளையை விட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இரண்டும் எனக்கு நடந்தது, ஒரே நாளில். அன்றைக்கு கயாக் படகில் வந்த இரண்டு பெண் பிள்ளைகள் பலகையைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்து தந்தார்கள்.

வருடத்தில் முதல் நாள் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுகிறேன், இடுப்பளவு தண்ணீரில். கரையில் இருக்கிற சனம் கிழவன் விழுந்துவிட்டான் என்று ஓடிவரும். நீரும் செய்து பாரும்.

கே: லைசென்ஸ் வேண்டுமா? – ஒரு வாசகி, மிசிசாகா

எஞ்சின் இல்லாத பாய்ப்படகுக்கு ஓட்டுநர் அட்டை கேட்பதில்லை. எஞ்சின் பூட்டினால் வேண்டும். அங்கி, விசில், மிதக்கிற எறிகயிறு என்று சட்டம் கேட்கிற சாமான்கள் இருக்கின்றன, அவை எதுவும் விலை கூடினது இல்லை. விசிலை அங்கியிலேயே கட்டிவிடுங்கள்.

கே: இவ்வளவு சின்னப் படகில் கடலைக் கடக்கலாமா? – பெயர் போடாத வாசகர்

பக்கத்து ஈரி ஏரிக் கரையில், கிளீவ்லாந்தில், பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்த ரொபர்ட் மான்ரி என்பவர் 1965-இல் கடந்தார். 13½ அடிப் படகில், தனியாக, மசாச்சுசெட்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு 78 நாள். பல தடவை படகிலிருந்து கடலுக்குள் தூக்கி எறியப்பட்டார், இடுப்பில் கட்டின கயிறு காப்பாற்றியது. கடக்கலாமா என்றால் அவர் கடந்தார். நான் பிக்கரிங்கிலிருந்து ஏஜாக்ஸ் வரைக்கும்தான் போவேன், அங்கே வடை நல்லாக இருக்கும்.

கே: பேப்பரில் படம் பார்த்தேன் அண்ணை. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் படகு. அன்னபூரணி கட்டின ஊரில் பிறந்துவிட்டு உங்களுக்கு வெட்கமாக இல்லையா? – ஒரு வாசகர், வல்வெட்டித்துறை

ஊர்க் கடிதத்தில் இப்படி ஒரு குத்து இல்லாவிட்டால்தான் எனக்கு யோசனை வந்திருக்கும்.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அன்னபூரணி எங்கள் ஊரில் கட்டின, ஏறத்தாழ 90 அடி நீளமான பாய்க்கப்பல். அதை ஒரு அமெரிக்கர் வாங்கினார். எங்கள் ஊர் மாலுமிகள் 1937-இல் புறப்பட்டு, சூயஸ் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அங்கே அதற்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார் வாங்கினவர்: ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’.

இப்போது நீங்கள் கேட்ட வெட்கத்துக்கு வருகிறேன். வாங்கின வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் யார்? 1928-இலிருந்து 1931 வரை 32 அடிப் படகு ஒன்றில் உலகத்தைச் சுற்றிவந்தவர். அன்றைக்கு அவ்வளவு சின்னப் படகில் அதைச் செய்தவர் வேறு இல்லை. சின்னப் படகில் கடலைப் படித்த மனிதர்தான் எங்கள் பெரிய கப்பலைப் பார்த்ததும் விலை பேசினார். அம்மப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். கப்பலில் ஏறுகிற பொடியன் முதலில் கட்டுமரத்தில் நனையவேண்டும் என்று.

அதோடு தம்பி, என் படகின் பாயைப் படத்தில் இன்னொருமுறை பாருங்கள். முக்கோணப் பாய், சரிந்து நிற்கிற பருமல் (பாய் கட்டுகிற கம்பு). தூரத்திலிருந்து பார்த்தால் கட்டுமரத்துப் பாய்தான். வாட்டர்பரியில் இருந்த இரண்டு வெள்ளைக்காரர் எங்கே பார்த்துச் செய்தார்களோ, விரிகுடாவில் அதை முதல்முதல் ஏற்றின அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்தது. பிளாஸ்டிக் இல்லை, ஃபைபர்கிளாஸ். அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

கே: தனியாக இரண்டு மணி நேரம் என்ன யோசிப்பீர்கள்? போரடிக்காதா? – ஒரு வாசகி, விட்பி

யோசிக்க விடாது, பிள்ளை. அதுதான் அதில் உள்ள நன்மை.

பருமலில் ஒரு சாண் நாடா கட்டியிருக்கிறேன். பழுதாகிப்போன நாதஸ்வரக் கசெட் ஒன்றைப் பிரித்து எடுத்த நாடா. கடையில் விற்கிற நூலைவிட அது மெல்லிய காற்றுக்கும் அசையும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லும். அது திரும்பினால் சுக்கானைக் கொஞ்சம் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் தாமானை ஒரு சாண் விடவேண்டும். முன்னால் தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு ஓடிவந்தால் அது காற்று. வந்து படமுன் உடம்பைச் சாய்க்கவேண்டும். பட்டத்துக்கு நூல் விடுகிற மாதிரித்தான், பட்டத்தின் இடத்தில் நாங்களே இருக்கிறோம். இதுக்குள்ளே வீட்டுக் கடன் ஞாபகம் வராது, டாக்டர் சொன்ன சீனி அளவு ஞாபகம் வராது. கிழக்கே அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் வரிசையாக நிற்கும், அவற்றைக் குறிவைத்து ஒரு ஓட்டம், திரும்பி மேற்கே ஒரு ஓட்டம். பொழுது சாய்கிற நேரம் காற்று விழுந்துவிடும். அப்போது கொஞ்ச நேரம் யோசிப்பேன், துடுப்பை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேனோ என்று.

கே: ஒரு தடவை என்னையும் உங்கள் படகில் கூட்டிக்கொண்டு போவீர்களா? – ஒரு வாசகர், ஸ்காபரோ

கூட்டிக்கொண்டு போகமாட்டேன். இரண்டு பேர் ஏறினால் முழங்கால் முழங்காலோடு இடிக்கும், யார் தாமான் பிடிப்பது என்று சண்டை வரும். ஆடி மாதத்தில் தென்காற்று மெதுவாக அடிக்கிற ஒரு சனிக்கிழமை காலையில் விரிகுடா மணல்கரைக்கு வாருங்கள். தொப்பிக்கு நாடியில் கட்டுகிற கயிறு இருக்கவேண்டும். பாயை ஏற்றித் தந்து, தண்ணீரில் தள்ளிவிட்டு, நான் கரையில் தேத்தண்ணிப் போத்தலோடு நிற்பேன். கவிண்டால் கையை ஆட்டுங்கள், நானும் ஆட்டுவேன்.